பி.ஏ. வேல்ச்சாமி வீட்டு முதல் பட்டதாரி

கிராம நிர்வாக அலுவலராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்கு, ஒரு சான்றிதழ் மனு கணினியில் வந்தால் எதை அழுத்த வேண்டும், எந்த இடத்தில் எதை இணைக்க வேண்டும் என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரு மனுவைப் பதினைந்தே நிமிடத்தில் தள்ளிவிட்டு, அதைத் திரும்ப எடுக்க மூன்று நாள் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். உங்களில் ஒருவராவது இதே தவற்றைச் செய்யக்கூடும்.

பணியில் இருந்த இருபத்து நான்கு ஆண்டுகளும் நான் நாட்குறிப்பு எழுதினேன். எத்தனை மணிக்குக் கிளம்பினேன், யாரைப் பார்த்தேன், என்ன எழுதினேன் என்று தினமும் ஒரு பக்கம். கீழே வருகிற நேரங்களெல்லாம் அதிலிருந்து எடுத்தவை.

அப்போது சேத்தூருக்கு மேற்கே ஒரு கிராமம் என் பொறுப்பில் இருந்தது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலை 8.05 பேருந்தில் ராஜபாளையம், அங்கிருந்து இன்னொரு பேருந்தில் கிராமம்.

ஒரு திங்கட்கிழமை கௌசல்யா என்ற பெண்ணுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் கேட்டு மனு வந்தது. வீட்டில் தாத்தா, பாட்டி, தாய், தந்தை, உடன்பிறந்தோர் என்று யாரும் பட்டம் பெறாதிருந்தால், முதலில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்குப் பொறியியல் படிப்பில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்று இது. தந்தை பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மு. வேல்ச்சாமி. ஊரே அவரை 'பி.ஏ. வேல்ச்சாமி' என்றுதான் சொல்லும். ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் வேலை. முதியோர் உதவித்தொகை நின்று போனாலும், தெருவில் தண்ணீர் வராவிட்டாலும் ஊரார் மனு எழுதிக்கொள்ளப் போவது அவரிடம்தான். முத்து முத்தான கையெழுத்து. என் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் பாதி அந்தக் கையெழுத்தில்தான் இருக்கும்.

மாலை 4.20க்கு விசாரணைக்குப் போனேன். அவர் வாசலில் நாற்காலி போட்டுப் பேச்சியம்மாள் என்கிற எதிர்வீட்டு அம்மாளுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் மாடசாமி சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு மேலே சுவரில் நீலப் பெயிண்டில் 'மு. வேல்ச்சாமி, பி.ஏ.' என்று எழுதியிருந்தது.

தெருவில் நின்றபடியே கேட்டேன்: "உங்க மகளுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் கேட்டு மனு வந்திருக்கே, நீங்க போட்டதா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மாடசாமி சிரித்துவிட்டார். "யாரு, இவுகளா? இவுகளே பி.ஏ.தானம்மா. அந்தா செவுத்துல போட்டிருக்குல்லா."

"எங்க தெருவுலயே படிச்ச மனுசன் இவரு ஒருத்தருதான்" என்றார் பேச்சியம்மாள். "இவரு வீட்டுக்கு இனிமேத்தான் முத பட்டதாரியா? நல்லாருக்கே கூத்து!"

வேல்ச்சாமி பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "சேவை மையத்துல தப்பா ஏத்திட்டான் போலருக்கு மேடம். விட்டுருங்க" என்றார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "என்ன மனுப்பா?" என்று கேட்டாள். அவள்தான் கௌசல்யா. "ஒண்ணுமில்ல, நீ உள்ள போ" என்றார்.

மாடசாமியிடம் கையெழுத்தும் பேச்சியம்மாளிடம் கைரேகையும் வாங்கிக்கொண்டேன். 4.35க்கு அறிக்கை முடிந்தது: 'தந்தை பட்டதாரி. அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் இணைக்கப்பட்டுள்ளது. பரிந்துரைக்கவில்லை.' நாட்குறிப்பில் அதற்கு எதிரே ஒரு சரிக் குறியும் போட்டிருக்கிறேன். அதை இன்றும் அழிக்கவில்லை.

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் வேல்ச்சாமி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பிளாஸ்டிக் உறை, இன்னொரு கையில் பால்கோவாப் பொட்டலம்.

"மேடம், செத்த நேரம் பேசணும்."

"நான் ஊருக்குத்தானே வர்றேன். அங்கே பேசலாமே."

"ஊருல பேச முடியாது மேடம். அதான் மொத பஸ்ஸப் பிடிச்சு இம்புட்டு தூரம் வந்தேன்." பொட்டலத்தை நீட்டினார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வாங்கின பால்கோவாவா? அதைப் பையில போடுங்க. வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

உறையிலிருந்து பழைய மதிப்பெண் பட்டியல்களை எடுத்தார். ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தன. நின்றபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மொத்தம் பதினெட்டுத் தாள்கள். பதினாறில் தேர்ச்சி. ஆங்கிலம் இரண்டு தாளிலும் 'தேர்ச்சி பெறவில்லை'. பட்டச் சான்றிதழைத் தேடினேன், இல்லை.

"இங்கிலீஷ் ரெண்டு பேப்பர் மேடம். மிச்சம் பூராவும் பாஸ்."

"அப்போ சுவத்துல பி.ஏ.?"

அவர் பேருந்துகளைப் பார்த்தபடி சொன்னார். "நாலாவது தடவ எழுதிட்டு வந்தேன். இந்தத் தடவ பாஸ்தான்னு எனக்கே தோணுச்சு. அந்த நேரம் பாத்து கல்யாணம் முடிவாச்சு. எங்க அய்யா பத்திரிகையில பி.ஏ.ன்னு போட்டுட்டாரு. கல்யாணம் முடிஞ்சு பதினோராம் நாள் ரிசல்ட்டு வந்துச்சு. பத்திரிகை ஊரு பூரா போயிருச்சு. திருப்பி வாங்க முடியுமா?"

இந்தப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் எழுத்து இல்லாவிட்டால் அந்தப் பத்திரிகையே மூளியாகத் தெரியும். பத்திரிகையில் போட்டது சுவருக்கு வந்தது, சுவரிலிருந்து ஊர் வாய்க்குப் போனது.

"உங்க மனைவிக்குத் தெரியுமா?"

"கல்யாணமான மூணாம் மாசமே மார்க்சீட்டப் பாத்துட்டா. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த கேட்டதில்ல."

"மகளுக்கு?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "எங்கப்பா பி.ஏ. ஹிஸ்டரின்னு பள்ளிக்கூடம் பூரா சொல்லிக்கிட்டுத் திரியும் புள்ள."

பிறகு, யாரோ விரட்டுவதுபோல வேகமாகப் பேசினார். "நல்ல மார்க்கு மேடம் அவளுக்கு. நல்ல காலேஜே கெடைக்கும். கவுன்சிலிங்குக்கு சர்டிபிகேட் ஏத்த வியாழக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிதான் கடைசி. இந்தச் சலுக இல்லேன்னா என்னால முடியாது. நெசமாவே முடியாது. பொறவு அவளும் மில்லுக்குத்தான் போகணும். மார்க்சீட்டுதான் இருக்குல்லா, இத வச்சு நீங்களே சத்தமில்லாம மாத்தி எழுதிருங்க. ஊருக்குத் தெரிய வேண்டாம்."

8.05 பேருந்து போய்விட்டிருந்தது. 8.20 வந்து நின்றது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. ஆவணம் கையில் இருக்கிறது. முந்தைய நாள் தெருவில் நின்று கேட்டு அந்த மனிதரைப் பொய் சொல்ல வைத்தவளே நான்தான். அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திக் கேட்டிருந்தால் அப்போதே உண்மையைச் சொல்லியிருப்பார். என் தவற்றைச் சரிக்கட்ட, சத்தமில்லாமல் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

ஆனால் பட்டதாரி என்று இரண்டு பேர் சொன்ன தாள் மனுவோடு மேலே போய்விட்டது. ஊர் முழுக்க அப்படித்தான் நம்புகிறது. சலுகை வாங்கி அந்தப் பெண் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கும்போது, பி.ஏ. படித்தவர் மகளுக்கு எப்படிக் கிடைத்தது என்று எவராவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால் போதும். அப்போது விசாரணைக்கு வந்து நிற்கப் போகிறவள் அவள்தான். வாங்கிய சலுகையைத் திருப்பிக் கேட்பார்கள், பொய் உறுதிமொழி என்பார்கள். ஊருக்குத் தெரியாத சான்றிதழ் அவளுக்குப் பாதுகாப்பு ஆகாது.

இதை அவரிடம் அப்படியே சொன்னேன். "நாளைக்குச் சாயங்காலம் 4.30க்கு என் ஆபீசுக்கு வாங்க. நீங்க படிச்ச கல்லூரியில இருந்து, இவர் பட்டம் பெறவில்லைன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. உங்க கையால ஓர் உறுதிமொழி எழுதணும். நேத்து சொன்ன ரெண்டு பேரும், 'கேள்விப்பட்டதைச் சொன்னோம், இப்போ உண்மை தெரிந்தது'ன்னு சொல்லணும்."

"அவிய ரெண்டு பேரு முன்னாடியுமா?"

"அவங்க முன்னாடிதான்."

"வேற ரெண்டு பேரப் பிடிச்சா?"

"அப்போ இவங்க ரெண்டு பேரும் பொய் சொன்னதா ஆயிரும்."

8.20 பேருந்தும் கிளம்பியது. அவர் மதிப்பெண் பட்டியல்களை ஓரம் மடங்காமல் உறைக்குள் வைத்தார். "யோசிச்சுச் சொல்லுதேன் மேடம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் படித்த கல்லூரி இருக்கும் பக்கமாகத்தான் நடந்தார். ஆனால் எதிரே ராஜபாளையம் பேருந்தும் நின்றது. கல்லூரிக்குப் போனாரா, பேருந்தில் ஏறினாரா என்று கூட்டத்தில் தெரியவில்லை.

என் பங்குக்கு நானும் ஒரு தாள் எழுத வேண்டியிருந்தது. மனு மேலே வருவாய் ஆய்வாளரிடம் போய்விட்டது. அவர் திருப்பி அனுப்பினால்தான் நான் தொட முடியும். அவரைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நேத்துச் சாயங்காலம் பட்டதாரி. இன்னைக்குக் காலையில பட்டதாரி இல்ல. ஒரே ராத்திரியில பெயிலாக்கிட்டீங்களாம்மா?"

"விசாரிச்ச முறை தப்பு சார். ஆவணம் கேட்காம எழுதிட்டேன்."

"எழுத்துல கொடுங்க."

கொடுத்தேன். பதினோரு வரி. என் அறிக்கையை நானே தவறு என்று எழுதிக் கொடுத்தது பணிக்காலத்தில் அந்த ஒரு தடவைதான். அதை எழுத, முந்தைய நாள் அறிக்கைக்கு ஆன நேரத்தைப் போல மூன்று மடங்கு ஆனது. மனு திரும்ப வந்தது.

புதன் மாலை 4.30. மாடசாமியும் பேச்சியம்மாளும் என் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எதற்கு என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் நான் இல்லை. 4.40 ஆனது. 4.50 ஆனது. மாடசாமி கடையில் ஆள் இல்லை என்று எழுந்தார். இன்னும் ஐந்து நிமிடம் என்றேன். மறுநாள் ஐந்து மணிக்குப் பிறகு இந்தக் கோப்பால் யாருக்கும் பயன் இல்லை.

4.55க்கு வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. வேல்ச்சாமி வந்தார். பின்னாலேயே மகளும் வந்தாள்.

அவர் என் மேசைக்கு அருகே வந்து மெதுவாக, "வர்ற வழியில இவகிட்ட சொல்லிரலாம்னு நெனச்சேன் மேடம். வண்டிச் சத்தத்துல முடியல" என்றார். எத்தனை தடவை தொடங்கிப் பார்த்தாரோ தெரியாது.

கல்லூரிக் கடிதத்தை மேசைமேல் வைத்தார். திரும்பி நின்றார்.

"மாடசாமி, பேச்சியக்கா. நான் பி.ஏ. பாஸ் பண்ணல."

"என்னய்யா சொல்லுத?" என்றார் பேச்சியம்மாள்.

"ரெண்டு பேப்பர் போயிருச்சுக்கா. இங்கிலீஷ்."

மாடசாமிக்குக் கோபம். "அப்ப இத்தன வருசமா கலெக்டருக்கெல்லாம் மனு எழுதுனீகளே, அதெல்லாம் எப்படி அண்ணாச்சி?"

"அதெல்லாம் தமிழ்லதானப்பா எழுதுனேன்."

முதலில் சிரித்தது பேச்சியம்மாள்தான். சிரிப்பு நிற்கவே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அதெல்லாம் கெடக்கட்டும். திங்கக்கெழம இவரு எழுதுன எம் மனு செல்லுமா செல்லாதா? அத மொதல்ல சொல்லுங்க."

"செல்லும்மா."

"அப்பச் சரி. எங்க ரேக வைக்கணும்?"

மாடசாமி மட்டும் உடனே சமாதானமாகவில்லை. "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி. பி.ஏ. அண்ணாச்சி மாதிரி படிலேன்னு எம் பயலப் போட்டு அடிச்சிருக்கேனே" என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கௌசல்யா வாசற்படிக்கு அருகிலேயே நின்றாள். அப்பாவின் முகத்தைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த வெள்ளைத்தாளில் உறுதிமொழி எழுதத் தொடங்கினார். அதே முத்து முத்தான கையெழுத்து: 'குடும்பச் சூழ்நிலை காரணமாக எனது பட்டப்படிப்பினை நிறைவு செய்ய இயலாமற் போயிற்று என்பதை...'

அவள் வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள்.

"இது வேண்டாம்ப்பா."

அவர் கை நின்றது. "இத எழுதுனாத்தான் கௌசி உனக்கு..."

"எழுத வேண்டாம்னு சொல்லல. குடும்பச் சூழ்நிலைன்னு எழுத வேண்டாம். தாத்தாவும் ஆச்சியும் உங்களப் படி படின்னுதான சொன்னாக? ரெண்டு தாள்ல தேர்ச்சி பெறலன்னு எழுதுங்க."

"அம்புட்டுப் பச்சையாவா?"

"மார்க்சீட்டுல அப்படித்தானப்பா இருக்கு."

நான் எழுத்தாளர் இல்லை. அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்னிடம் இன்னொரு தாள் கேட்டார், கொடுத்தேன், அவ்வளவுதான் நடந்தது. இந்தத் தடவை நான்கே வரி. எந்தத் தாள், எந்தப் பருவம், தேர்ச்சி பெறவில்லை, பட்டம் பெறவில்லை. கீழே கையெழுத்து.

அவர் எழுதி முடித்ததும் அவள் கேட்டாள்: "எத்தன தடவப்பா எழுதுனீங்க?"

"நாலு."

"நாலு தடவயா? வேலைக்கும் போய்க்கிட்டா?"

"ஆமா. ராத்திரி ஷிப்ட் முடிச்சு அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போயி எழுதுவேன்."

அவள் மாடசாமியையும் பேச்சியம்மாளையும் பார்த்து, "நாலு தடவ எழுதிருக்காங்க!" என்றாள். மாவட்டத்திலேயே முதலிடம் வாங்கியவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு என்னிடம், "அதையும் எழுதணுமா மேடம்?" என்று கேட்டாள். அதற்கு எங்கள் படிவத்தில் இடம் இல்லை என்றேன். இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

அன்று 5.50க்குப் புது அறிக்கையை அனுப்பினேன். வியாழன் காலை வருவாய் ஆய்வாளரிடம் நேரில் போய் நின்றேன். அவர் உறுதிமொழியை இரண்டு தடவை படித்தார். "சுத்தமா எழுதியிருக்காரே" என்று மட்டும் சொல்லி மேலே அனுப்பினார். பிற்பகல் 2.40க்குத் துணை வட்டாட்சியர் ஒப்புதல் வந்தது. 3.25க்கு வேல்ச்சாமி கைப்பேசியில் அழைத்தார். "ஏத்தியாச்சு மேடம்" என்றார். அவளுக்கு மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது.

சுவரையோ ஊர் வாயையோ பார்த்து அறிக்கை எழுதாதீர்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயத்துக்கு முதலில் ஆவணம் கேளுங்கள். கேட்கும்போது உள்ளே கூப்பிட்டுக் கேளுங்கள். உண்மை தெரிந்த பிறகு, இரக்கப்பட்டு அதை ஒளித்து வைத்து எழுதிக் கொடுக்காதீர்கள். ஒளித்துக் கொடுத்தது என்றைக்கும் அந்தப் பிள்ளையின் தலைமேல் தொங்கும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால் இதை எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை அந்தத் தெரு வழியாகப் போனபோது, சுவரில் 'பி.ஏ.' மேல் வெள்ளை அடித்திருந்தது. பெயருக்குப் பின்னால் இருந்த காற்புள்ளியை அடிக்க மறந்துவிட்டார் போல. 'மு. வேல்ச்சாமி,' என்று நின்றது. ஊரும் பழக்கத்தை விடவில்லை. இன்றும் 'பி.ஏ. அண்ணாச்சி'தான். மனு எழுத வருகிறவர்கள் குறையவில்லை. ஒன்று மட்டும் மாறியது. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு யார் வந்தாலும், அவர்களை என்னிடம் அனுப்புமுன் அவரே முதல் விசாரணையை முடித்துவிடுவார். "வீட்டுல யாராச்சும் பேருக்குப் பின்னால சும்மா எழுத்து போட்டிருக்கீகளா? இருந்தா இப்பவே சொல்லிருங்க. நான் பட்டது போதும்" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பார். அவரால் எனக்கு வேலை பாதி குறைந்தது.

சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் விடைபெற அந்த ஊருக்குப் போனேன். கௌசல்யா இறுதி ஆண்டை முடித்திருந்தாள். வேல்ச்சாமி வீட்டுச் சுவரில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. அப்பா பெயருக்குக் கீழே, அதே நீலத்தில், 'வே. கௌசல்யா,'. பிறகு வெறும் சுவர். அங்கேயும் ஒரு காற்புள்ளி.

"என்ன, இன்னும் ரிசல்ட் வரலையா?" என்று கேட்டேன்.

"வந்துருச்சு மேடம். எல்லாப் பேப்பரும் பாஸ். ஒண்ணுல கூட அரியர் கெடையாது." எழுந்து நின்று சொன்னார். "பெயிண்டரக் கூட்டிட்டு வந்துட்டேன். பேர எழுத விட்டவ, பி.இ. போட விட மாட்டேன்னுட்டா கௌசி. பட்டம் இன்னும் கைக்கு வரலியாம். பேப்பரு கையில வரட்டும், பொறவு எழுதலாம்ங்கா."

சொல்லிவிட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். மாடசாமி கடையில் நான்கு பேர் நின்றார்கள். அவர்கள் காதில் விழவில்லையோ என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதையே இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, என்னிடம் சொன்னார்.